மயக்கமும் முயற்சியும் — ஓர் இசைத்தட்டு உருவான வரலாறு

கலை எங்கிருந்து பிறக்கிறது என்பது மிகப் பழைய வினா. அருளினாற் பிறக்கிறது என்பர் ஒரு சாரார். பயிற்சியினாற் பிறக்கிறது என்பர் மற்றொரு சாரார். 1960ஆம் ஆண்டுகளில் மேல்நாடுகளிலே மூன்றாவது விடையொன்றும் எழுந்தது. மயக்கம் தரும் மருந்துகள் மனத்தின் பூட்டைத் திறந்துவிடும். அங்ஙனம் திறந்த மனத்திலிருந்து கலை தானாகவே பெருகிவரும் என்பதே அவ்விடை. அன்றைய இளைஞர் பலர் இதனை மெய்யென நம்பினர். இன்றும் நம்புவோர் உளர்.

இந்த நம்பிக்கையோடு சேர்த்துப் பேசப்படும் இசைவகைக்குச் சைக்கடெலிக் றொக் என்று பெயர். சைக்கடெலிக் என்பது கிரேக்க மொழியின் இரு சொற்களைக் கூட்டி அமைத்த ஒரு சொல். மனத்தை வெளிப்படுத்துவது என்பது அதன் பொருள். ஹம்பிரி ஒஸ்மண்ட் என்னும் மனநோய் மருத்துவர் 1950ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், எல்.எஸ்.டி. முதலிய மருந்துகளின் விளைவைக் குறிப்பதற்காக இதனைப் படைத்தார். சுமார் பத்து ஆண்டுகளின் பின்னர், மருத்துவர் படைத்த சொல்லை இசைஞர் எடுத்துக்கொண்டனர். கனவிற் கேட்பது போன்ற ஒலிகள், பின்னோக்கி ஓடும் நாடாக்கள், கீழைத்தேய வாத்தியங்கள், திடீரென மாறும் தாளகதி ஆகியவை இவ்விசையின் அடையாளங்கள் ஆயின.

இவ்வகை இசைத்தட்டுகளுள் உலகெங்கும் பெயர்பெற்றது ஒன்றுண்டு. பீற்றில்ஸ் என்னும் ஆங்கிலேய இசைக்குழுவினர் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட "சார்ஜன்ற் பெப்பேர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்" என்பதே அது. மயக்கத்திற் பிறந்த இசை என்று பலராலும் சுட்டப்படுவதும் அதுவே. ஆகவே, அது மெய்யாகவே எவ்வாறு உருவாகியது என்பதை ஆராய்ந்தால், மேலே கூறிய மூன்றாவது விடை நிற்குமா, நிலைகுலையுமா என்பது தெளிவாகும்.

ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்ரார் ஆகிய நால்வரும் இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலிற் பிறந்தவர்கள். 1963ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 11ஆம் திகதி இவர்கள் தங்கள் முதலாவது நீண்ட இசைத்தட்டுக்காக இலண்டன் கலையகமொன்றிற் கூடினர். அத்தட்டிலுள்ள 14 பாடல்களில் 10 பாடல்கள் அந்த ஒரே நாளிற் பதிவாகின. அக்காலத்து வழக்கம் அது. மேடையிற் பாடிப் பழகியதைக் கலையகத்தில் ஒருமுறை பாடினாற் போதும், இசைத்தட்டு ஆகிவிடும்.

அடுத்த மூன்றாண்டுகளிற் குழுவினரின் புகழ் வளர்ந்தது. மேடையோ அவர்களுக்குச் சிறையாயிற்று. கூடியிருந்த இளைஞரின் கூச்சலில் அவர்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. தாம் வாசிப்பதைத் தாமே கேட்க இயலாத இசைஞர் வளர்தல் எங்ஙனம்? 1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கச்சேரியோடு அவர்கள் ஊர் ஊராகச் சென்று பாடுவதை நிறுத்திக்கொண்டனர். அவ்வாண்டு நவம்பர் 24ஆம் திகதி, இலண்டன் அபே வீதியிலுள்ள ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் கலையகத்தில் மீண்டும் கூடினர். இனிச் செய்யப்போகும் இசையை மேடையில் வாசித்துக் காட்டவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. கலையகமே அவர்களுடைய புதிய வாத்தியமாயிற்று.

அந்த வாத்தியத்தின் வல்லமை எவ்வளவு? இக்காலத்து மாணவன் ஒருவனின் கைத்தொலைபேசியிலே எண்ணற்ற ஒலிகளைத் தனித்தனியே பதிந்து சேர்க்கலாம். அன்று அபே வீதியில் இருந்ததோ நான்கு தடங்கள் கொண்ட ஒலிநாடா இயந்திரம். ஓர் அங்குல அகலமான நாடா நான்கு பகுதிகளாகப் பயன்பட்டது. ஒன்றில் முரசும் கித்தாரும், மற்றொன்றிற் பியானோ, இன்னொன்றிற் குரல் என்று பதிந்தால் நாடா நிரம்பிவிடும். மேலும் வாத்தியங்கள் வேண்டுமாயின், நான்கையும் கலந்து வேறொரு நாடாவின் ஒரு தடத்திலோ இரு தடங்களிலோ ஏற்றி, எஞ்சிய தடங்களிற் புதியவற்றைப் பதியவேண்டும். அங்ஙனம் கலந்தபின் அவற்றைப் பிரித்தல் இயலாது. முரசு உரத்துவிட்டது, குரல் தாழ்ந்துவிட்டது என்று பின்னர் வருந்திப் பயனில்லை. ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் நாடாவின் இரைச்சலும் கூடும். எனவே ஒவ்வொரு படியிலும் முன்கூட்டியே எண்ணி, துணிந்து முடிவு செய்தல் அவசியமாயிற்று. மயங்கிய அறிவினாற் செய்யக்கூடிய வேலையன்று இது.

இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஜோர்ஜ் மார்ட்டின். 1926ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இலண்டன் கில்ட்ஹோல் இசைக் கல்லூரியில் முறைப்படி பயின்றவர். ஓபோ என்னும் குழல்வாத்தியம் கற்றவர். நகைச்சுவை நடிகரின் இசைத்தட்டுகளை முன்னர் தயாரித்தமையால், விந்தையான ஒலிகளை உண்டாக்கும் கலையும் இவருக்குக் கைவந்திருந்தது. ஒலிப்பதிவுக்குப் பொறுப்பாயிருந்த ஜெவ் எமெரிக், வேலை தொடங்கியபோது இருபது வயதே நிரம்பிய இளைஞர். கருத்துகளைக் கொணர்ந்தவர் நால்வராயினும், அக்கருத்துகளைக் காதிற் கேட்கும் பொருளாக்கியவர்கள் இத்தகையோரே.

முதலில் எடுத்துக்கொண்ட பாடல் "ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் போறெவர்" என்பது. லெனன் தம் சிறுபராயத்து நினைவுகளை வைத்து அமைத்தது. அதனை இருவிதமாகப் பதிந்தனர். ஒன்று அமைதியானது, மற்றது எக்காளமும் செலோ வாத்தியமும் முழங்க விரைந்து செல்வது. இரண்டையும் கேட்ட லெனன், முதலாவதன் தொடக்கமும் இரண்டாவதன் முடிவும் தமக்கு வேண்டும் என்றார். இரண்டும் சுருதியினால் வேறு, வேகத்தினாலும் வேறு. சுருதி வேறுபட்ட இரு தம்புராக்களை ஒரே கச்சேரியில் மீட்டினால் எப்படியிருக்கும் என்பது நேயர்கள் அறிந்ததே. ஆயினும் மார்ட்டினும் எமெரிக்கும் ஒன்றைக் கவனித்தனர். நாடா ஓடும் வேகம் மாறினால் சுருதியும் கூடவே மாறும். இரண்டனுக்கும் இடையிலிருந்த வேறுபாடு நற்பேறாக அவ்வகையிலேயே அமைந்திருந்தது. வேகத்தைத் திருத்தி, நாடாவைக் கத்தரித்து, பாடல் தொடங்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் சென்ற இடத்தில் இரண்டையும் ஒட்டினர். உற்றுக் கேட்போருக்கன்றி மற்றையோருக்கு அந்த ஒட்டு இன்றும் தெரியாது. அப்பாடலில் உள்ள கனவுத்தன்மைக்கு ஒரு பாதிக் காரணம் கத்தரியும் ஒட்டுநாடாவும் எனலாம். வாணிகத் தேவை கருதி இப்பாடல் 1967 பெப்ரவரியிற் சிறுதட்டாகத் தனியே வெளியானது. நீண்ட தட்டில் அது சேரவில்லை. அதனைச் சேர்க்காது விட்டமைக்காக மார்ட்டின் பிற்காலத்தில் வருந்தினார்.

இதற்கிடையே 1966 நவம்பரில் கெனியாவிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்த மக்கார்ட்னிக்கு ஓர் எண்ணம் உதித்தது. புகழின் சுமையிலிருந்து விடுபடுவதற்காக, வேறொரு கற்பனைக் குழுவினர் போல வேடம் பூண்டு பாடினால் என்ன? உணவுத்தட்டில் வைக்கப்பட்டிருந்த உப்பையும் மிளகையும் பற்றிய பேச்சு ஒரு சொல் விளையாட்டாகி, சார்ஜன்ற் பெப்பேர் என்னும் பெயரைத் தந்தது. பெரிய தத்துவம் எதுவுமின்றி, உப்பிலும் மிளகிலும் இருந்து பிறந்தது அத்தட்டின் பெயர்.

"மிஸ்டர் கைற்" என்பவரைப் பற்றிய சர்க்கஸ் பாடலின் கதையும் கேட்கத்தக்கது. 1967 ஜனவரி 31ஆம் திகதி, கென்ற் மாகாணத்து செவன்ஓக்ஸ் என்னும் ஊரிலே பழம்பொருட் கடையொன்றில் லெனன் ஒரு பழைய விளம்பரத்தாளை வாங்கினார். 1843ஆம் ஆண்டில் நடந்த சர்க்கஸ் ஒன்றின் விளம்பரம் அது. அதிலிருந்த பெயர்களையும் வித்தைகளையும் கொண்டே பாட்டின் பெரும்பகுதியை அமைத்தார். பின்னர் மார்ட்டினிடம், கேட்போருக்குச் சர்க்கஸ் கூடாரத்து மரத்தூளின் மணம் வீசவேண்டும் என்றார். மணத்தை ஒலியாக்குவது எங்ஙனம்? மார்ட்டின் நீராவி ஓர்கன் ஒலிப்பதிவுகளைத் தேடியெடுத்தார். அந்நாடாக்களைச் சிறு துண்டுகளாக வெட்டுவித்து, மேலே எறிந்து கலைத்து, கையில் அகப்பட்ட முறைப்படி ஒட்டுவித்தார். அங்ஙனம் பிறந்த குழம்பிய ஒலியைப் பாட்டின் பின்னணியிற் படரவிட்டார். கேட்போர் இதனை மயக்கத்தின் சுழற்சி என்றனர். அதுவோ, பொறுமையோடு துண்டு துண்டாக ஒட்டப்பட்ட நாடாவின் சுழற்சி.

தட்டின் இறுதிப் பாடலாகிய "எ டே இன் த லைஃப்" முயற்சியின் உச்சம். செய்தித்தாளிற் கண்ட செய்திகளே அதற்கு வித்து. அவற்றுள் ஒன்று, பிளாக்பேர்ன் நகரத்து வீதிகளில் 4,000 குழிகள் உண்டு என்பது. 1967 ஜனவரி 19ஆம் திகதி பதிவு தொடங்கியபோது, பாட்டின் நடுவே 24 தாள அளவுகள் வெறுமையாக விடப்பட்டன. அங்கே என்ன வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. உதவியாளர் ஒருவர் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணி, முடிவில் ஓர் எழுப்புமணிக் கடிகாரத்தை ஒலிக்கச் செய்தார். அடுத்து வரும் அடி உறக்கத்தினின்று எழுவதைக் கூறுவதால், அந்த மணியொலி பாட்டிலேயே நிலைத்துவிட்டது.

அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒரு பெரும் பல்லியக்குழு வேண்டும் என்றார் மக்கார்ட்னி. தொண்ணூறு பேர் வேண்டும் என்பது அவர் விருப்பம். செலவை எண்ணி நாற்பது பேருக்கு இணங்கினர். பெப்ரவரி 10ஆம் திகதி அந்நாற்பதின்மரும் மாலைநேர ஆடையணிந்து வந்து அமர்ந்தனர். கொண்டாட்டத்திற்குரிய பொய்மூக்குகளும் தொப்பிகளும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. வயலின் தலைவர் குரங்கின் கைபோன்ற உறையொன்றை வில் பிடிக்கும் கையில் அணிந்து வாசித்தார். வேடிக்கை இத்தோடு முடிந்தது. மார்ட்டின் அவர்களுக்கு இட்ட பணி மிகக் கடினமானது. ஒவ்வொருவரும் தம் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்திலிருந்து மிக உயர்ந்த சுரம்வரை 24 அளவுகளுக்குள் மெல்ல ஏறவேண்டும், அருகிலிருப்பவரைக் கேட்கலாகாது, தனித்தனியே ஏறவேண்டும். வாழ்நாள் முழுவதும் ஒருமித்து வாசிக்கவே பழகியவர்களுக்கு, ஒருமிக்காதீர் என்ற கட்டளை விந்தையாயிருந்தது. இதனைப் பலமுறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். நாற்பது பேர் நூற்றறுபது பேர் போல ஒலித்தனர். நான்கு தடங்கள் போதாமையால், கென் டவுன்சென்ட் என்னும் பொறிவல்லுநர் இரண்டு இயந்திரங்களை ஒருங்கே ஓடச்செய்ய வழிகண்டார்.

பாட்டின் முடிவில் வரும் ஒரே ஒரு சுரக்கூட்டு பெப்ரவரி 22ஆம் திகதி பதிவானது. மூன்று பியானோக்களின் கட்டைகளை லெனன், மக்கார்ட்னி, ஸ்ரார், உதவியாளர் மல் எவன்ஸ் ஆகியோர் ஒரே கணத்தில் அழுத்தினர். மார்ட்டின் ஆர்மோனியம் வாசித்தார். ஒலி தேயத் தேய, எமெரிக் ஒலியளவைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே சென்றார். நாற்பது விநாடிகளுக்கு மேலாக அந்த நாதம் நின்றது. யாவரும் மூச்சடக்கி அசையாதிருக்க வேண்டியதாயிற்று. இறுதியில் நாற்காலியொன்று கிறீச்சிடும் ஒலியையும் கூர்ந்து கேட்போர் உணர்வர்.

கீழைத்தேய இசைக்கு உரிமையுடைய நேயர்கள் தனியே கவனிக்கத்தக்கது ஹரிசன் அமைத்த "விதின் யூ விதவுட் யூ" என்னும் பாடல். 1966 செப்டெம்பரில் இந்தியா சென்று, ஏறத்தாழ ஆறு வாரங்கள் தங்கி, பண்டிதர் ரவிசங்கரிடம் சித்தார் பயின்றவர் ஹரிசன். ஒலிப்பதிவுகள் தொடங்கியபின் அவர் முதலிற் கொணர்ந்த பாடல் ஏற்கப்படவில்லை. பின்னர், அகில இந்திய வானொலிக்காக ரவிசங்கர் அமைத்த நீண்டதோர் இசையமைப்பைத் தழுவி, ஆர்மோனியத்தில் இப்பாடலை அமைத்தார். மார்ச் 15ஆம் திகதி, இலண்டனிலிருந்த ஏசியன் மியூசிக் சேர்க்கிள் என்னும் சங்கத்தின் வழியாக வந்த இந்திய இசைஞர் கலையகத்தில் விரிப்பின்மேல் அமர்ந்து தில்ரூபா, தபேலா, தம்புரா, சுவரமண்டலம் ஆகியவற்றை வாசித்தனர். பீற்றில்ஸ் குழுவினரில் ஹரிசனைத் தவிர வேறெவரும் அப்பாட்டில் வாசிக்கவில்லை. நடுப்பகுதி 10 மாத்திரை கொண்ட ஜப்தாலத்தில் அமைந்தது.

ஏப்ரல் 3ஆம் திகதி எட்டு வயலின்களும் மூன்று செலோக்களும் சேர்க்கப்பட்டன. இங்கேதான் மார்ட்டினின் புலமைக்குச் சோதனை ஏற்பட்டது. மேலைநாட்டு இசைஞர், எழுதிய சுரத்தில் நேரே சென்று நிற்பவர்கள். தில்ரூபாவோ சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்வது. கமகத்தின் அருமை நம் இசையுலகம் நன்கறிந்தது. அதனை ஐரோப்பியச் சுரக்குறிகளால் எழுதிக் காட்டுதல் எவ்வளவு கடினம் என்பதையும் அறியும். ஹரிசன் உடனிருந்து விளக்க, மார்ட்டின் ஒவ்வொரு வளைவையும் குறித்து வாசிப்பித்தார். இரு மரபுகள் ஒன்றையொன்று கேட்டுப் பழகியதன் பயன் அப்பாடல். ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் நீதியன்று. அவ்விந்திய இசைஞரின் பெயர்கள் இசைத்தட்டின் உறையில் அச்சிடப்படவில்லை. ஊர் அறியாத கைகளின் உழைப்பையும் தன்னுள் அடக்கியதே அப்பெரும்புகழ்.

உழைப்புக்குரிய மனவருத்தமும் இல்லாமற் போகவில்லை. "ஷீ இஸ் லீவிங் ஹோம்" என்ற பாடலுக்கு இசைக்குறிப்பு எழுதுமாறு மக்கார்ட்னி கேட்டபோது, மார்ட்டினுக்கு வேறு வேலையிருந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாத மக்கார்ட்னி வேறொருவரைக் கொண்டு எழுதுவித்தார். மார்ட்டின் மனம் நொந்தார். எனினும் மார்ச் 17ஆம் திகதி அக்குறிப்பைக் கையில் ஏந்தி, யாழையும் வயலின்களையும் தாமே நடத்திப் பாட்டை நிறைவேற்றினார். மற்றொரு புறம், தம் முறை வரும்வரை நெடுநேரம் காத்திருக்கவேண்டியிருந்த ஸ்ரார் அக்காலத்திற் சதுரங்கம் பழகிக்கொண்டார். மேதைமை எனப்படுவதில் எத்தனையோ பகுதி காத்திருத்தலே.

இனி, மயக்க மருந்தின் பங்கு என்ன? பீற்றில்ஸ் குழுவினர் அதனைப் பாவித்தது உண்மை. 1967 ஜூன் மாதத்தில் மக்கார்ட்னி இதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அம்மருந்து காட்டிய காட்சிகள் அவர்களுடைய கற்பனையிற் சாயல் பதித்திருக்கலாம். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் அது என்ன செய்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. மார்ச் 21ஆம் திகதி இரவு, லெனன் வேறொரு மாத்திரை என்று எண்ணித் தவறுதலாக எல்.எஸ்.டி.யை விழுங்கிவிட்டார். பாட இயலாது தவித்தார். காரணம் அறியாத மார்ட்டின், தூய காற்று வாங்கட்டும் என்று அவரைக் கட்டடத்தின் மேல்தளத்திற்கு அழைத்துச் சென்று விட்டு வந்தார். செய்தி தெரிந்த மக்கார்ட்னியும் ஹரிசனும், அவர் விழுந்துவிடுவாரோ என்று அஞ்சி மேலே ஓடி அவரைக் கீழே கொணர்ந்தனர். அன்றிரவு அவரால் தொடர்ந்து பாட இயலவில்லை. மிதமிஞ்சிப் பாவித்த நாட்களிற் செய்த இசை நன்றாயிருக்கவில்லை என்று ஸ்ராரும் பிற்காலத்திற் கூறியுள்ளார்.

அதே மாதங்களில், அதே கட்டடத்தின் மற்றொரு கலையகத்தில், பிங்க் ஃபுளொயிட் என்னும் இளங்குழுவினர் தங்கள் முதல் இசைத்தட்டைப் பதிந்துகொண்டிருந்தனர். அதன் பாடல்களிற் பெரும்பாலானவற்றை இயற்றியவர் சிட் பரற் என்னும் இருபத்தொரு வயது இளைஞர். அத்தட்டு 1967 ஓகஸ்டில் வெளிவந்து பாராட்டுப் பெற்றது. அதற்குள்ளேயே பரற்றின் மனநலம் குன்றத் தொடங்கியிருந்தது. அளவிறந்த எல்.எஸ்.டி. பாவனையும் அதற்கு ஒரு காரணம் என்று அவரை அறிந்தோர் பலர் கருதினர். 1968ஆம் ஆண்டில் அவர் குழுவை விட்டு விலகினார். சில ஆண்டுகளில் இசையுலகையே துறந்து, கேம்பிறிட்ஜ் நகரில் ஒதுங்கி வாழ்ந்து, 2006ஆம் ஆண்டிற் காலமானார். மயக்கம் கலையைத் தரும் என்போர், பேசாது அடங்கிய அந்நெடிய ஆண்டுகளையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

பெப்பேர் இசைத்தட்டின் பதிவுவேலை 1967 ஏப்ரலில் நிறைவெய்தியது. ஐந்து மாதங்கள், ஏறத்தாழ 700 மணிநேரம், சுமார் 25,000 பவுண் செலவு. ஒருநாளிற் பத்துப் பாடல்கள் பதிந்தவர்கள் நான்கே ஆண்டுகளில் அடைந்த மாற்றம் இது. பீற்றர் பிளேக், ஜான் ஹவர்த் என்னும் ஓவியத் தம்பதியர் அமைத்த உறையில் உலகப் புகழ்பெற்றோர் பலரின் உருவங்கள் இடம்பெற்றன. மகாத்மா காந்தியின் உருவமும் அதில் இருந்தது. இந்திய மக்களின் மனம் புண்படக்கூடும் என்று நிறுவனத்தார் அஞ்சியதால் அது நீக்கப்பட்டது. இறுதிப் பாடலில் மயக்க மருந்தைப் பற்றிய குறிப்பு உண்டெனக் கருதி, பி.பி.சி. வானொலி அதனை ஒலிபரப்ப மறுத்தது. 1968ஆம் ஆண்டில் இத்தட்டு அமெரிக்காவின் கிராமி விருதைப் பெற்றது. ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்ற அவ்விருதை றொக் இசைத்தட்டொன்று பெற்றது அதுவே முதன்முறை.

பி.பி.சி. நிறுவனத்தார் ஐயுற்றது போலவே, அத்தட்டைப் போற்றிய இளைஞர் பலரும் எண்ணினர். ஒரு சாரார் அதிலே மயக்கத்தைக் கண்டு அஞ்சினர். மறு சாரார் மயக்கத்தைக் கண்டு மகிழ்ந்தனர். நாடாவை அளந்து வெட்டியவரையும், வெற்றிடத்தில் இருபத்துநான்கு வரை எண்ணியவரையும், கமகத்தைக் குறியீட்டில் எழுத முயன்றவரையும் இரு சாராரும் காணத் தவறினர். கேட்பவனுக்குக் கனவாகத் தோன்றுவதைச் செய்பவன் விழித்திருந்தே செய்யவேண்டும். இசைக்கு மட்டுமன்றிக் கவிதைக்கும் சிற்பத்திற்கும் கல்விக்கும் பொருந்தும் விதி இது. மார்ட்டின் 2016ஆம் ஆண்டிலும் எமெரிக் 2018ஆம் ஆண்டிலும் மறைந்தனர். அவர்கள் விழித்திருந்து காத்த அந்த இறுதி நாதத்தை, இசைத்தட்டைச் சுழலவிடுவோர் இன்றும் கேட்கலாம். அது தேய்ந்து மறையும்வரை பொறுமையோடு கேட்பார்களாயின், அதன் பின்னே நின்ற உழைப்பையும் ஒருவாறு உணர்வார்கள்.